வெல்டர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

முதல் நாற்காலி மேடையில் வந்து விழுந்தபோது அவள் இன்னும் மூன்றாவது படத்தைத்தான் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது நாற்காலி பேராசிரியரின் முழங்காலைப் பதம் பார்த்தது. மனிதர் நொண்டிக்கொண்டே பின்கதவு வழியாக நழுவிவிட்டார். தெருக்காரர்களையும் ஆலைக்காரர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, நடுவில் கடைசி ஆண்டு மாணவியான அவளைப் பேசவிட்டால் அது கூட்டாய்வு ஆகிவிடும் என்று நம்பிய புண்ணியவான் அவர்தான்.

முலாம் பூசும் அந்த ஆலையை அவள் ஆய்வுக்குப் பிடித்துக் கொடுத்தது தாய்மாமா. அங்கே அவர் சூப்பர்வைசர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைப்பவரும் அவரே. கழிவைச் சுத்தம் செய்துதான் விடுகிறோம், தாராளமாக எடுத்துப் பார் என்று தெம்பாகச் சொல்லியிருந்தார். அவளும் ஆலைக்குப் பின்தெருவில் வீடு வீடாக ஏறிக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தாள். எல்லாக் கிணற்றிலும் முலாம் கழிவில் வரும் விஷ உலோகமான குரோமியம். வெல்டர் வீட்டுக் கிணற்றில்தான் கொள்ளையாக இருந்தது.

அந்த வெல்டர் முன்வரிசையில் இருந்தார். வாராவாரம் மனைவியை டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர். அவர் எதிரில் எழுந்து நின்று, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளை எங்கேயோ பிசகிவிட்டாள் என்று மாமா கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகுதான் நாற்காலி பறந்தது.

யாரோ கதவுக்குத் தாழ் போட்டார்கள். வெல்டர் தலையாலேயே முட்டியதில் மாமாவின் மூக்கு உடைந்து சட்டை முழுக்க ரத்தம். கீழே விழுந்தவரை விலாவில் நாலைந்து பேர் மிதித்தார்கள். ஆலை மேனேஜர் ஜன்னலோரம் ஒதுங்கி, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு வெல்டர் மேடைக்கு வந்து, மேஜைமேல் காட்சிக்கு வைத்திருந்த பாட்டில்களில் தன் வீட்டுப் பாட்டிலை எடுத்து மாமாவிடம் போனார்.

"நல்ல தண்ணிதானே? குடி."

சோதனைக்கு எடுக்கும் தண்ணீரில் அமிலம் விடுவார்கள். விடாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கில் வராமல் போய்விடும். சொட்டுக் கணக்கில் விடவேண்டியதை, ஒன்றும் தப்பிவிடக் கூடாதே என்ற பயத்தில், அவள் கை தாராளமாகவே ஊற்றியிருந்தது. அது தொண்டையை வேகவைத்துவிடும். ஆனால் அதை இப்போது, இந்தப் போனுக்கு முன்னால் சொன்னால், ஆலைக்கு எதிரான தெருவின் வழக்கு இங்கேயே செத்துப்போகும்.

குடிக்கட்டுமே என்று ஒரு கணம் நினைத்தாள். மனதார நினைத்தாள்.

இரண்டு பேர் மாமாவின் கைகளை முறுக்கிப் பிடித்தார்கள். இன்னொருவன் உடைந்த மூக்கையே பொத்த, அவர் மூச்சுக்காக வாயைத் திறந்தார். பாட்டில் சாய்ந்தது. அவள் பாய்ந்து போய்த் தட்டிவிட்டாள்.

"குடிக்காதீங்க மாமா. அதுல ஆசிட் இருக்கு. நான்தான் ஊத்தினேன்."

ஏன் ஊற்றினாள், அமிலத்துக்கும் குரோமியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவள் மூச்சுவிடாமல் விளக்கினாள். யார் காதிலும் ஏறவில்லை. பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. மாமா எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, மேனேஜரின் போனைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்கல்ல? நம்ம தண்ணியில ஒண்ணுமில்ல. எல்லாம் இவ ஊத்தினது."

உயிரைக் காப்பாற்றிய வாய் மூடுவதற்குள் அவர் அதைச் சொல்லிவிட்டார். அவள் அவரையே பார்த்தாள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எங்க தண்ணியில நீ எதுக்கும்மா ஊத்தின?" என்று வெல்டர் கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. முதல் அறை அவள் காதோடு சேர்த்து விழுந்தது. "மாமா" என்று அவள் கத்தியபோது, மாமா மேனேஜரோடு சேர்ந்து கதவின் தாழை நீக்கிக்கொண்டிருந்தார்.