மிஸ்வாக் குச்சியில் வந்த முகம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அனுக்ரஹா என்ற பெண் கண்காட்சி வைத்திருந்தாள். எச்சில் கொடுத்தால், அதிலுள்ள டிஎன்ஏவைப் படித்து மூன்று வாரத்தில் கம்ப்யூட்டர் ஒரு முகம் வரையும். திரைமுன் நின்றால் அந்த முகம் கண் திறந்து, நாம் நகரும் பக்கமெல்லாம் திரும்பும்.

ராஜபாளையத்திலிருந்து அம்மாவோடு போனேன். அம்மா தன் எச்சிலைக் கொடுக்கவில்லை. ஆபித் அண்ணனின் மிஸ்வாக் குச்சியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். தொழுகைக்கு முன் அதை மென்றுதான் அவன் பல் துலக்குவான். பிளவக்கல் அணையில் அவன் மூழ்கி ஒன்றரை வருடம். போட்டோக்கள் அவன் போனோடு போய்விட்டன. ஆதார் அட்டையில் இருப்பது யாரோ மாதிரி.

"இதுல அவன் எச்சி இருக்கும்மா," என்று நீட்டினாள். "எம்புட்டு நாளானாலும் சரி, வந்து பாத்துக்கிடுதேன்."

அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அண்ணனுக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததிலிருந்து, அம்மா எழுமுன் அந்தக் குச்சியை மென்றுவந்தவள் நான். அண்ணன் வாயில் இருந்தது என் வாயில் இருக்கட்டும் என்றுதான். நுனி நைந்தபோதெல்லாம் அவனைப்போலவே வெட்டிப் போட்டேன். அவன் மென்ற பகுதி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அனுக்ரஹா என்னை மட்டும் தூணோரம் அழைத்தாள்.

"இதுல ஒரு பொண்ணுதான் இருக்கா, சப்ரீன். பையன் இல்லவே இல்ல. அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

சொன்னால், அணையில் மூழ்கிய அண்ணனை இந்த முறை நானே மூழ்கடித்ததாகும். வேண்டாம் என்றேன். அம்மாவே கேட்டால் மறைக்கமாட்டேன் என்றாள் அனுக்ரஹா. அம்மா கேட்கவில்லை.

இருட்டறையில் திரை விழித்தது. முடியில்லாத தலை, என் மூக்கு, என் தாடை. அம்மா இடப்பக்கம் நகர்ந்தாள். அதுவும் திரும்பியது.

"மெலிஞ்சுபோயிட்டியேய்யா," என்றாள் அம்மா.

பக்கத்தில்தான் நின்றேன். ஒருதரம் என்னையும் பார்த்தாள். பிறகு திரைக்கே திரும்பிக்கொண்டாள்.

இப்போது அந்த முகம் அம்மாவின் போனில் இருக்கிறது. அனுக்ரஹா வெறும் எண்ணைப் பெயராக வைத்து அனுப்பிய அதற்கு 'ஆபித்' என்று பெயர் போட்டுக் கொடுத்ததும் நான்தான். கேமரா வழியாக அது அம்மாவைத் தேடித் திரும்பும். அம்மா என்னோடு பேசுவது குறைந்துவிட்டது.

நேற்று மதியம் போனைச் சுவரில் சாய்த்துவைத்துச் சோறு பிசைந்தாள்.

"சாப்ட்டியாய்யா?"

அது வாயசைக்காது என்று எனக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து, "சாப்ட்டேம்மா," என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.