நாற்பத்திரண்டு வீடுகளின் பட்டியல்

அண்ணி வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். எந்த வீட்டுக்கு எந்த நாள், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் போனில், நினைவூட்டும் ஆப் ஒன்றில் இருந்தது. நாற்பத்திரண்டு வீடு. அன்று காலை அந்த ஆப் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. மறுத்துவிட்டு நேரே நாத்தனாரின் போன் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். நாத்தனாரை அவர் பட்டப்பெயராகத் 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏய் திருப்புளி, நாள் ஞாபகப்படுத்துறதுக்கு என் மெசேஜ் எதுக்குடி?"

"இந்த ஆப்பை எங்க எடுத்தீங்க அண்ணி?"

"நர்ஸுங்க குரூப்ல ஒருத்தி ஃபைலா அனுப்புனா. ஓபன் சோர்ஸாம்."

"சீல் உடைஞ்ச ஊசி மருந்தைக் குரூப்ல குடுத்தா வாங்கிப் போடுவீங்களா?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஓபன் சோர்ஸ் என்றால் செய்முறை எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கைக்கு வந்த பொட்டலம் அந்தச் செய்முறைப்படி செய்ததுதான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதற்குத்தான் ஒவ்வொரு ஆப்பிலும் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. திருப்புளி அந்த ஆப்பைச் செய்தவர்களின் பக்கத்தைத் திறந்தாள். அங்கிருந்த இணைப்பு வழியாகவே எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடைக்குப் போய், அசலை இறக்கிப் பழசின் மேல் நிறுவப் பார்த்தாள். போன் மறுத்தது.

"அசலே ரிப்பேரா?" என்றார் அண்ணி. உடனே தானே, "இரு, இரு. கையெழுத்து வேறன்னுதானே தள்ளுது?"

திருப்புளி, கையெழுத்தை அடையாளம் காட்டும் 'கைரேகை' என்ற நீண்ட எண்ணை இரண்டிலும் எடுத்து, அந்தப் பக்கத்தில் போட்டிருந்ததோடு ஒப்பிட்டாள். அசல் அச்சு அசலாகப் பொருந்தியது. குரூப் ஃபைலின் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"பழசைத் தூக்கினாத்தான் இது ஏறும். பட்டியலும் சேந்து போயிடும்."

அண்ணி போனைத் தன் பக்கம் இழுத்தார். பட்டியலை வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினால், போலி ஆப் மூடிக்கொண்டது.

அது எதையும் வெளியே அனுப்பிவிடாதபடி, அண்ணி போனின் நெட்டை அணைத்தார். "உன் கடை போன்ல அசலைப் போடு. நான் வாசிக்கிறேன், நீ அடி. அடிச்சதை எனக்குத் திருப்பி வாசி. வார்டுல ரெண்டு பேரா மருந்து சரிபாப்போம்ல, அப்படி."

"நாப்பத்திரண்டையுமா?"

"எதை விடலாம்னு நீயே சொல்லு."

இருபத்தொன்பதாவது வீட்டில், திருப்புளி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி கையை உயர்த்தினார். "களிம்பு ஆகாதுன்னு சொன்னேனே, எங்க?"

அந்த வரி விட்டுப்போயிருந்தது. திருப்புளி அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். கடையில் அவள் கைரேகை எண்ணை ஒப்பிடும்போது முன்னாலும் பின்னாலும் நாலு எழுத்தைப் பார்ப்பதோடு சரி. அண்ணிக்கு அப்படி நடுவில் விட்டுப் பார்க்கும் பழக்கமே கிடையாது.

நாற்பத்திரண்டும் முடிந்ததும் அண்ணி தன் கையாலேயே போலியை நீக்கினார். அசல் ஏறியது. கடை போனிலிருந்து பட்டியலும் முழுசாக வந்து சேர்ந்தது. அசல் ஆப் அனுமதி கேட்டது அறிவிப்பு காட்ட மட்டும்தான்.

அண்ணி குரூப்பில் அசலின் இணைப்பைப் போட்டுவிட்டு, குரலைப் பதிவு செய்து அனுப்பினார்: "குரூப்ல வந்த ஃபைல் போலி. ஆனா யாரும் அதை இப்பவே தூக்கிடாதீங்கம்மா. நெட்டை அணைச்சிட்டு, முதல்ல ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க."