பதினாயிரத்து ஒன்று

எல்லம்மா வாசலில் குந்தியபடி மட்டிச் சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வரிசைக்கு எழுபத்து மூன்று. குடிசைக்குள் அவள் புருஷன் சுப்பராயலு கஞ்சிகூட இறங்காமல் கிடந்தான்.

"சாவக் கெடக்குற மனுசனை உட்டுட்டு சிப்பி அடுக்குறியேக்கா," என்றான் அவள் தம்பி வடிவேலு.

"அந்த மனுசந்தான் அடுக்கச் சொல்லுது. நீ பக்கத்துலே குந்து. தண்ணி கேட்டா குடு."

சுண்ணாம்புக்குளத்தில் அவள் அப்பன் ஒல்லாந்தர் கோட்டைக்குச் சுண்ணாம்பு சுட்டுக் கொடுத்தவன். பெண் கேட்டு வந்த சுப்பராயலுவிடம், பரிசமாகப் பத்தாயிரம் சிப்பி கொண்டுவா என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தான். இவன் ஏரியில் இறங்கிப் பொறுக்கியே வந்துவிட்டான். பரிசம் மொட்டையாக முடியக் கூடாதென்று மேலே ஒன்றும் வைத்தான். அந்தச் சிப்பிகளைச் சூளையில் போட அப்பனுக்கு மனம் வரவில்லை. மகளோடு கூடையில் அனுப்பிவிட்டான்.

அன்று பிடித்தது சுப்பராயலுவுக்குப் பைத்தியம். மூன்று மூன்றாக வைத்தால் இரண்டு மிஞ்சியது. ஏழு ஏழாக வைத்தால் ஐந்து. வேலையில்லாத நாட்களில் மற்றவர்கள் கள்ளுக்குப் போனார்கள்; இவன் சிப்பி அடுக்கினான். எழுபத்தொன்று வரை பார்த்தாயிற்று; எதிலும் மீதியில்லாமல் சமமாக உடையவில்லை.

"இது உடையாதுமே. உன் பரிசமாச்சே," என்பான்.

எழுபத்திரண்டு வேண்டாம், இரண்டில் உடையாதது அதில் எப்படி உடையும்? நூறைத் தாண்டவும் வேண்டாம்; அந்தப் பக்கம் உடைக்கும் எண் இருந்தால் அதன் சோடி இந்தப் பக்கமே சிக்கியிருக்கும். இப்படிக் கழித்தது போக ஐந்தே எண்கள் பாக்கி. அதற்குள் காய்ச்சல்.

கடைசி வரிசையின் கடைசி இடத்தில் கடைசிச் சிப்பி உட்கார்ந்தது. எல்லம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். மணல்தான் விழுந்தது.

ஒன்றை எடுத்து மடியில் முடிந்துகொண்டால் போதும், மனுஷன் ஜெயித்தபடியே போய்ச் சேருவான். எல்லம்மா பொய் சொல்லாதவள் இல்லை. இறால் விற்கும்போது வாயைத் திறந்தாலே பொய்தான். சிப்பி விஷயத்தில் மட்டும் அவனிடம் சொன்னதில்லை.

உள்ளே போனாள்.

"எத்தினி மீதி?" என்றான் சுப்பராயலு.

"மீதி இல்லே."

வடிவேலு தலை குனிந்துகொண்டான்.

"உடைஞ்சிடுச்சா?"

"உடைஞ்சிடுச்சு."

அவன் நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று நினைத்தாள். சிரிப்பு.

"இத்தினி காலமா ஏமாத்திக்கினு இருந்துக்குது பாரேன். அப்படியே உங்கப்பன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "வரிசை எத்தினி?"

"எண்ணலே."

"போயி எண்ணுமே. சோடி தெரியணுமில்லே."

விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பாதியில் கோழி ஒன்று குறுக்கே ஓடிக் கணக்கைக் கெடுத்தது. அதை விரட்டிவிட்டு முதலிலிருந்து எண்ணினாள்.

திரும்பி வந்தபோது வடிவேலு எழுந்து நின்றிருந்தான்.

"அக்கா," என்றான்.

அவள் அவனைத் தாண்டிப் போய்ப் புருஷனின் காதருகே குனிந்தாள்.

"நூத்தி முப்பத்தேழு. கோழி கலைச்சிடுச்சு, அதான் நேரமாயிடுச்சு."

அவன் உதட்டில் உட்கார்ந்திருந்த ஈயை விரட்டினாள்.