கூடத்தில் கிடந்தவர்

ஒட்டன்சத்திரத்தில், விபத்தில் இறந்தவரின் படம் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்தால், தாள் வாசலில் விழுந்த கொஞ்ச நேரத்தில் அவர் அந்த வீட்டுக் கூடத்தில் கிடப்பார். மறுநாள் தாள் வரும்வரை அங்கேயே இருப்பார். இதற்கென்றே எல்லா வீட்டிலும் ஒரு பழைய போர்வை இருந்தது. போர்த்திவிட்டு, காலில் படாமல் சுற்றிப் போய் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

இலஞ்சியமும் அப்படித்தான். ஆனால் அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் கணவன் தங்கமாயன் காபியையும் விளையாட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் குப்புறக் கிடந்தார். காக்கிச் சட்டை. முகமெல்லாம் ரத்தமும் சேறும். படத்துக்குக் கீழே 'லாரி ஓட்டுநர் பலி' என்று மட்டும் போட்டிருந்தது, பெயர் இல்லை. இலஞ்சியத்தின் அண்ணன் கோட்டைச்சாமி முந்தின நாள்தான் லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருந்தார். அவர் போன் அணைந்து கிடந்தது.

"போர்த்தி விடு. நாளைக்குப் போயிடுவாரு" என்றான் தங்கமாயன்.

"முகம் தெரியலீங்க."

"தெரியாம இருக்கிறதே நல்லது."

அவள் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்தாள். புரட்டிப் போட்டபோது அவர் கனக்கவே இல்லை. ரத்தத்தில் அச்சு மை வாடை அடித்தது. வாளித் தண்ணீர் கறுத்தது. கொட்டிவிட்டு வேறு பிடித்து வந்தாள். நெற்றி தெரிந்தபோது அண்ணன் நெற்றியாகவே இருந்தது. மூக்கும் அப்படித்தான். அவள் கை நின்றுவிட்டது. பிறகு துண்டை அலசி இடது புருவத்தைத் துடைத்தாள். அண்ணனுக்கு அங்கே ஒரு தழும்பு உண்டு. இவருக்கு இல்லை.

"சாமி, எங்கண்ணன் இல்ல!" என்று அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்துப் பார்த்தால், அந்த மனிதர் அவள் மடிக்குப் பக்கத்தில் முகம் கழுவிக் கிடந்தார். அவர் தலைமாட்டிலேயே சாமிக்கு நன்றி சொன்னது அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. கழுத்தையும் கைகளையும் துடைத்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டாள். தலையை வாரிவிட்டாள்.

"ஒரு புது வேட்டி வேணுங்க" என்றாள்.

தங்கமாயன் விளையாட்டுப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு கடைக்குப் போனான்.

அப்போது போன் அடித்தது. அண்ணன்தான்.

"சார்ஜ் போயிடுச்சு பாப்பா. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. ஒருத்தரைக் கழுவிக்கிட்டு இருக்கேன்."

"முதல் பக்கமா?"

"ஆமாண்ணே."

"சரி, பொறுமையாக் கழுவு. கண்ணோரத்துல மை நின்னுக்கும்."

மத்தியானம் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் வாளி, தோளில் துண்டு. தாராபுரத்துக்காரி, பெயர் மயிலாத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு உங்க வீட்லயும் இருக்காருங்களா?"

இலஞ்சியம் உள்ளே கூட்டிப்போனாள். மயிலாத்தாள் போர்வையை விலக்கினாள். காலையிலிருந்து அவள் நுழைந்த வீடுகளிலெல்லாம் அவர் ரோட்டில் கிடந்தபடியேதான் கிடந்தார். இங்கே புது வேட்டி கட்டிக்கொண்டு, தூங்குகிறவரைப் போல இருந்தார். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"கழுவிட்டீங்களா" என்றாள். குனிந்து தலைமுடியைத் தடவிக்கொடுத்தாள். "வகிடு மட்டும் இந்தப் பக்கங்க" என்று மாற்றி எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"கொஞ்சம் சோறு இருக்குங்களா அக்கா? விடிஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல."

அவருக்குப் பக்கத்திலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார்கள். இலஞ்சியத்துக்கும் சோறு இறங்கியது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.

"இந்த வீதியில இன்னும் யாரு வீட்டுக்கெல்லாம் பேப்பர் வருதுங்க?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"வா, காட்டுறேன்" என்று இலஞ்சியம் தன் வாளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பொழுது சாய்வதற்குள் அந்த வீதியில் எல்லார் வீட்டிலும் அவர் தலை வாரிப் படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் கூடத்தில் அவர் இல்லை; வேட்டியும் இல்லை. தாள் வந்து விழுந்தது. முதல் பக்கத்தில், அணை நிரம்பி எல்லா மதகுகளையும் திறந்துவிட்ட படம். தங்கமாயன் நாற்காலிகளைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தான். இலஞ்சியம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் முருங்கைக்குப் போகட்டும் என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாள்.