கேட்காமல் வரைந்த உருவம்

நாலரை மணி இருக்கும். காட்சிக்கூடத்தின் நீளச் சுவர்முன் ஏணியில் நின்று என் தங்கை கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்குக் கதவு திறந்துவிடும். பதினோரு வருடம் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதிய கை, கண்ணுகளா. அதற்குக் கிடைத்த முதல் சுவர் இது.

சுவரில் எங்கள் குடியின் கதை ஒன்று. என்ன கதை என்று கேட்டுவிடாதீர்கள், நான் சொல்லக் கூடாது. ஓடும் நீலமும் நடுவே ஓர் உருவமும் இருந்தன என்பதோடு விடுங்கள்.

என் மகள் பேருந்து நடத்துநர். வேலை முடிந்து, தோளில் தொங்கும் டிக்கெட் பையோடு நேராக வந்தாள். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சித்தி, யாரைக் கேட்டு வரைஞ்சீங்க?"

"உங்க அம்மாவைத்தான். போன்லயே சரின்னாளே!"

மகள் என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களிடம் ஒரு கதையை எத்தனை பேர் கேட்டிருந்தாலும், அதைச் சொல்லும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். காதில் முழுதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால், கொடுத்தவர் அப்புறம் வாய் திறக்கக் கூடாது. வரையச் சம்மதம் தருவதும் வாங்கிக்கொண்டவர்தான். கண் அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் நான் இதை மகளிடம் கொடுத்துவிட்டேன். தங்கை கேட்டபோது, நாற்பது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது: "தாராளமா வரைஞ்சுக்கடி."

"தப்பு என்னோடது. அவளைத் திட்டாதே," என்றேன்.

"யாரையும் திட்டலம்மா. ஆனா அந்தக் கதை எனக்கே இன்னும் முழுசாப் பிடிபடல. அதுக்குள்ள ஊருக்குக் காட்ட மனசு வரல."

காட்சிக்கூடப் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "வாசல்ல கூட்டம் நிக்குதும்மா. கதைங்கறது எல்லாருக்கும் பொதுதானே?"

"அப்ப உங்க வீட்டுச் சாவியும் பொதுதானே? குடுங்க பார்ப்போம்," என்றாள் மகள்.



தங்கை ஏணியிலிருந்து இறங்கினாள். தான் தூக்கி வளர்த்த பிள்ளையின்முன் தரையில் உட்கார்ந்தாள். "கதையை வச்சிருக்கிறவங்களே, அதைக் காட்ட எனக்குச் சம்மதம் தருவீங்களா?"

பெரியவர்களிடம் கேட்பதுபோல் கேட்டாள். மகள் சித்தியைத் தூக்கிவிடக் குனிந்தாள். தந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"இல்ல சித்தி. நீலம் இருந்துட்டுப் போகட்டும். நடுவுல இருக்கிறது வேண்டாம்."

தங்கை சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்தாள். பட்டைத் தூரிகையை நீலத்தில் முக்கி, தலையிலிருந்து பாதம்வரை மூடினாள். மூன்று மாத வேலை, நாலே இழுப்பு. பொறுப்பாளர் "ஐயோ ஐயோ" என்று முனகினார்.

கதவு திறந்தது. ஈரத்தில் யாரும் உரசிவிடாமல் என் மகள் கைகளை விரித்து நின்றாள்.

முன்னால் வந்த ஒரு பெண்மணி கேட்டார்: "இங்க மட்டும் ஏன் ஈரமா இருக்கு?"

"அங்க இருந்தது என்னோடது இல்லீங்க," என்றாள் தங்கை. "கேட்டேன். இல்லன்னுட்டாங்க."

வந்தவர்கள் எல்லோருக்கும் அதையே பொறுமையாகச் சொன்னாள். என்னிடம் மட்டும் அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.