கால்பலகை

"செருப்பு எங்கேடி?"

"கால்லதான் இருக்கு…" என்று குனிந்து பார்த்தாள் தங்கை. இடது செருப்பு கடை வாசலிலேயே கிடந்தது. கழன்று போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

திரைச்சீலை தைக்கும் கடை அது. நடத்துகிறவர்கள் இருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். சற்று முந்திப் பிறந்த அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய். ஒரு கண் மங்கல், நடையில் தள்ளாட்டம். தங்கை அவளைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, அதுவரை அவள் செய்துவந்த, துணிக்குக் கையால் ஓரம் அடிக்கும் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"கால் எப்பலேர்ந்து மரத்துப் போகுது?"

"கொஞ்ச நாளா."

"என்கிட்ட சொன்னா வாய் வலிக்குமா?"

"பயமா இருந்துச்சுக்கா. எனக்கும் உன் வியாதியே வந்துட்டா, உன்னை யாரு பார்த்துக்குவா?"

"என்னைப் பார்த்தது போதும். தலையைக் குனி. எனக்கு ஓடுற மாதிரி முதுகுல கரண்ட் ஓடுதா?"

"இல்ல."

"வெந்நீர்ல குளிச்சா கண்ணு மங்குதா?"

"இல்ல."

"அப்போ நீ என் கட்சி இல்ல போலிருக்கே! எதுக்கும் டாக்டரைக் கேட்டுடுவோம்."

டாக்டரிடம் தங்கை உட்காரும் முன்பே கேட்டாள். "எங்க ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணுதானே டாக்டர்? அவளுக்கு வந்தா எனக்கும் வந்துதானே ஆகணும்?"

"அப்படி இல்லம்மா. உங்களை மாதிரி நாலு ஜோடியில ஏறக்குறைய ஒரு ஜோடிக்குத்தான் ரெண்டு பேருக்கும் வருது. நிறைய மரபணு சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் நோய்க்கு இடம் குடுக்குது. அது மட்டும் போதாது. முன்னாடி எப்பவோ வந்த வைரஸ், வெயிலே படாத உடம்பு, சிகரெட்டுன்னு வெளியிலேர்ந்தும் ஏதாவது சேரணும். அப்புறம்தான் நோய் எதிர்ப்பு அணுக்கள் நரம்போட உறையை எதிரின்னு நெனச்சுத் தாக்குது."

"காவல் நாய்க்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி," என்றாள் அக்கா. "என் நாய்க்குப் பிடிச்சிருச்சு. இவ நாய் இன்னும் வாலாட்டுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். மறுமுறை போனபோது டாக்டர் படத்தை விளக்கில் காட்டினார். மூளையிலும் முதுகுத்தண்டிலும் அந்த நோய் விடும் தழும்பு ஒன்றுகூட இல்லை. பிறகு தங்கையின் இடது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக விரலால் தட்டினார்.

"ஐயோ! பாதம் வரைக்கும் சுர்ருங்குது!"

"கால் மேல கால் போட்டு உட்காருவீங்களா?"

"ஓரம் அடிக்கறப்போ துணி மடியில நிக்கணுமே…"

"அங்கதான் நரம்பு நசுங்குது. அதை விட்டுட்டா சரியாயிடும்."

அக்கா நிமிர்ந்தாள். "மடியை உயர்த்தத்தானேடி கால்பலகை வெச்சிருந்தேன்? அதை ஏன் நீ வெச்சுக்கல?"

"அதைத்தானே உன் காலுக்குக் கீழ போட்டேன். கல்லாவுல உனக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு…"

"நான் கேட்டேனா?"

திரும்பும் வழியில் அக்கா தரையைப் பார்த்தே நடந்தாள்.

"என்னக்கா, சந்தோஷமா இல்லியா?"

"இல்லாம என்ன? ஆனா, மாத்திரை முழுங்கத் துணைக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்டி."

"அடிப்பாவி!"

சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் அக்கா நேராகக் கல்லாவுக்குப் போனாள். கால்பலகையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு தங்கை ஓரம் அடிக்கும் ஜன்னலோர முக்காலிக்கு வந்தாள். உட்கார்ந்து, பலகை மேல் கால் வைத்து, துணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன்னால முடியுமாக்கா?"

"எனக்குக் கை நல்லாத்தான் இருக்கு. ஓரம் அடிக்க ஒரு கண்ணு தாராளம். நீ போய்க் கல்லாவுல உட்காரு. காலை மட்டும் கீழ வெச்சுக்கோ!"