இரண்டு நோட்டிலும் ஒரே ஆள்

ஒன்பது நாளாகக் கணவர் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் விஷயம் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். அவர் அப்படிப்பட்ட மட்டமான ஆள் இல்லை. மனைவியின் துணிகளையும் சேர்த்துத் துவைத்து, தெருவைப் பார்த்த பால்கனியில் ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டார். உதறலுக்கு ஒரு பெருமூச்சு. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கவேண்டும் என்றுதானே இந்தப் பாடு.

அவள் செய்த குற்றம் இது. செயற்கைப் பல் செய்யும் பட்டறை ஒன்றில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். பொறுப்பாளர் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு நீதான், அதற்குள் யோசித்துச் சொல் என்றார் முதலாளி. ஓட்டமாக வந்து வீட்டில் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம். என்னால முடியாதது உன்னாலயாவது முடியட்டும்" என்றார் கணவர். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அவர் ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பேராசிரியர் ஆகியிருக்க வேண்டியவர் என்றும், பொறாமைக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றும் அவருக்கு ஓர் எண்ணம். யார் அந்தப் பொறாமைக்காரர் என்று கேட்டால் சோகமாகச் சிரிப்பார். தெருவில் அவருக்குத் 'தங்கம்' என்று பேர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷனாம்.

பத்தாம் நாள் அவள் அவருடைய அக்காவிடம் போய்ச் சொன்னாள். நாத்தனார் நிதானமாக விசாரித்தாள்.

"குடிக்கிறானா?"

"இல்ல அண்ணி."

"கை நீட்டுறானா?"

"இல்ல."

"அப்புறம் உனக்கு என்னம்மா குறை?"

கணவன்மாருக்கு நாம் வைத்திருக்கும் பரீட்சையில் இந்த இரண்டு கேள்விதான். வெறுந்தாளை நீட்டினாலும் முதல் வகுப்பில் தேறிவிடலாம். அப்படித் தேறிய ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு மூச்சு முட்டினால், கோளாறு அவள் நுரையீரலில் என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். வெட்கங்கெட்ட பரீட்சை.

கோளாறு இவளுக்குத்தான் என்று முடிவுகட்டிய நாத்தனார், மனநல ஆலோசகர் ஒருவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். கணவர் சின்னக் குழந்தையைக் கூட்டிப்போவது போல மனைவியைக் கூட்டிப்போனார். ஆலோசகர் நடுவயதுப் பெண், படித்தவர், அனுபவசாலி. அவரும் ஏமாந்தார். எல்லாத் தப்பும் என்மேல்தான் மேடம், இவளுக்கு ஏற்ற புருஷனாக இருக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று கணவர் கண் கலங்கியதும், காகிதக் கைக்குட்டைப் பெட்டி அவர் பக்கம் நகர்ந்தது. தினமும் மூன்று தடவை கணவரைப் பாராட்ட வேண்டும் என்று மனைவிக்கு வீட்டுப்பாடம் கிடைத்தது. மூன்று வாரம் அவளும் பாராட்டித் தொலைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. அவள் இளைத்தாள்.

நாலாவது வாரம் ஆலோசகர் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். உங்களைப் பற்றி வேண்டாம், துணையின் நாள் எப்படிப் போயிற்று என்று மட்டும் எழுதி வாருங்கள் என்றார்.

கணவரின் கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. 'இன்று தாமதமாக வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.' 'தலைவலி என்றாள். எனக்கும் முதுகுவலி, சொல்லிக்கொள்ளவில்லை.' 'பட்டறையைப் பற்றிப் பேசினாள். பொறுமையாகக் கேட்டேன்.' ஏழு நாளும் இதே லட்சணம்தான்.

மனைவியின் நோட்டு கிறுக்கலாக இருந்தது. 'டம்ளரை மெதுவா வச்சார். இன்னிக்கு பரவாயில்ல.' 'செருப்பு கழட்டின சத்தம் சரியில்ல. டிவி போடல.' 'சிரிச்சார். எதுக்குன்னு தெரியல, பயமா இருக்கு.'

ஆலோசகர் இரண்டையும் படித்து மூடி வைத்தார்.

"ரெண்டு நோட்டுலயும் ஒரே ஆள்தான் சார் இருக்கார். இவங்க எதுலயுமே இல்ல."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தன்மோகம்னா மார்தட்டிக்கிறதுன்னு நெனச்சுக்கிறோம். சில பேருக்கு அது குனிஞ்ச தலையோட வரும். வாரா வாரம் தனியா வாங்க. குறையும், ஆனா நாளாகும், கேக்கக் கசப்பா இருக்கும்." பிறகு மனைவியைப் பார்த்தார். "உங்களைப் பாராட்டச் சொன்னது என் தப்பு. மன்னிச்சிருங்கம்மா."

ஒருத்தர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டு, பதிலுக்குத் தான் ஆறுதல் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது அவளுக்கு அதுவே முதல் தடவை. அவளுக்கென்று பக்கத்து அறையில் வேறோர் ஆலோசகரை ஏற்பாடு செய்தார்கள். இருவருக்கும் சனிக்கிழமை நாலு மணி.

கணவர் ஒரு சனிக்கிழமை போனார். அங்கே பெருமூச்சுக்கு மதிப்பில்லை என்று கண்டுகொண்டார். அடுத்த மூன்று சனிக்கிழமையும் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஆனால் தான் சிகிச்சைக்குப் போகிற செய்தியைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். தெரு உருகியது. பெண்டாட்டிக்காக இப்படி எந்த ஆம்பிளை இறங்கி வருவான்?

முதலாளிக்குப் பதில் சொல்ல ஒரு வாரமே இருந்தபோது, சனிக்கிழமை மத்தியானம் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். தம்பியின் பெருமையைச் சொல்லி முடித்து விஷயத்துக்கு வந்தாள்.

"இவ்வளவு தூரம் அவன் விட்டுக்கொடுத்திருக்கான். நீ அந்த வேலைய வேணாம்னு சொல்லிடும்மா. அவன் தாங்க மாட்டான்."

"நேத்தே சரின்னு சொல்லிட்டேன் அண்ணி."

கணவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவாள். இன்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தாள்.

"நாலு மணிக்கு நான் அங்க போகணும். உங்களுக்கும் அதே நேரம்தான். மூணு வாரமா உங்க நாற்காலி காலியாத்தான் கெடக்கு. வர்றீங்களா?"

"இந்த நெலமையில நான் எப்படி வருவேன்?" என்றார் கணவர், தழுதழுத்து. நாலைந்து கைகள் அவர் முதுகைத் தடவின.

அவள் படியிறங்கினாள். நாத்தனாரின் குரல் பின்னாலேயே வந்தது.

"பாத்தீங்களா, வைத்தியத்துக்கு யாரு ஓடுறான்னு. கோளாறு யாருக்குன்னு இப்பவாவது தெரியுதா?"

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கும் அது நன்றாகக் காதில் விழுந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவள் நிற்கவில்லை.